பாலத்தில் திரும்பிய முகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாஜி எதிர்ப்புப் போராளியும் பத்திரிகையாளருமான பிரெஞ்சுப் பெண் மத்லென் ரிஃபோ பற்றிய உங்கள் அஞ்சலிக் குறிப்பைப் படித்தேன். பத்தொன்பது வயதில் ஒருவனைச் சுட்டுக் கொன்றவர், பின்னாளில் அல்ஜீரியாவிலும் வியட்நாமிலும் போரின் கொடுமைகளை எழுதினார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. துப்பாக்கி பிடித்த கைக்கு அந்தத் தகுதி உண்டா?

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே.,

உண்டு என்றே கருதுகிறேன். அவர் சுட்ட விதத்திலிருந்தே அதைச் சொல்லத் தோன்றுகிறது.

1944 ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை. நாஜி ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த பாரிஸில், சோல்ஃபெரினோ பாலத்தின் மேல் ஒரு ஜெர்மன் இராணுவத்தான் தனியே நின்று சேன் நதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சைக்கிளில் வந்த மத்லென், முதுகில் சுட மனம் ஒப்பாமல், அவன் தன் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, பிறகே தலையில் இருமுறை சுட்டார். ஆறு வாரங்களுக்கு முன்புதான் பிரான்ஸின் ஒரதூர் கிராமத்தில் குழந்தைகள் உட்பட 600க்கும் மேற்பட்டோரை நாஜிப் படையினர் கொன்றிருந்தனர். அப்படியிருந்தும், தான் சுட்டவன் ஒருவேளை நல்லவனாகக்கூட இருந்திருக்கலாம் என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். தலைமறைவு வாழ்க்கைக்கு அவர் சூடிக்கொண்ட பெயர் ரைனர். ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கேயின் முதற்பெயர் அது. எதிரியின் மொழியை வெறுக்க மறுத்த ஒரு பெண்ணின் கையில் அந்தத் துப்பாக்கி இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

அன்றே பிடிபட்டார். நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் சித்திரவதை, மரண தண்டனை, ஃப்ரென் சிறை எல்லாவற்றையும் கடந்து, ஆகஸ்டில் கைதிகள் பரிமாற்றத்தில் வெளியே வந்தார். தமது இருபதாவது பிறந்தநாளான ஆகஸ்ட் 23 அன்று, புய்த் ஷோமோன் பூங்காவருகே ஒரு ஜெர்மன் ரயிலைச் சுரங்கப்பாதைக்குள் மடக்கி, சுமார் 80 படைவீரர்களைச் சரணடையவைத்த சிறு குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். தொடர்ந்து போரிட விரும்பியவரை, வயது நிரம்பாதவர் என்று சொல்லி இராணுவம் சேர்த்துக்கொள்ளவில்லை.

போர் முடிந்தபின் மனம் நொறுங்கிக் கிடந்தவரைக் கவிஞர் எலுவார் தேற்றினார். 1945இல் மத்லெனின் கவிதைத் தொகுப்பு, பிக்காசோ வரைந்த அவரது உருவப்படத்துடன் வெளிவந்தது. பத்திரிகைப் பணி அதன் பிறகே. 'லூமானிதே' என்ற பிரெஞ்சு நாளிதழுக்காக, பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அல்ஜீரிய விடுதலைப் போரைப் பற்றி எழுதியவர், 1962இல் அந்நாட்டின் ஓரான் நகரில், பிரெஞ்சு ஆட்சி நீடிக்க வேண்டுமென்ற தீவிரவாதிகளின் கொலைமுயற்சியில் படுகாயமடைந்தார். தாம் சித்திரவதை செய்யப்பட்ட அதே பாரிஸில், இம்முறை பிரெஞ்சுக் காவலர்கள் அல்ஜீரியர்களைச் சித்திரவதை செய்வதை அவர் எழுதினார் என்பதுதான் உங்கள் ஐயத்திற்கு நான் தரக்கூடிய நேரடியான பதில். சொந்த நாட்டின் கை ஓங்கியபோதும் அடிபட்டவரின் பக்கம் நின்றதற்கு, அந்த அடி எப்படிப்பட்டது என்று உடலால் அறிந்திருந்ததும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். வியட்நாமிலும் அவர் குண்டுவீச்சுக்கு அடியில், கெரில்லாக்களோடு காட்டில் தங்கியே எழுதினார்.

பாரிஸ் மருத்துவமனை ஒன்றில் தம்மை யாரென்று காட்டிக்கொள்ளாமல் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, அந்த அனுபவத்தை 1974இல் நூலாக்கினார். பாலத்தில் நடந்ததையோ, 1994 வரை, பொதுவெளியில் பேசவே இல்லை. ஐம்பது ஆண்டுகள் அதைத் தமக்குள் சுமந்தவர், 2024 நவம்பரில், நூறாவது வயதில் காலமானார்.