பெயரில்லாத வேலைக்காரன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' நாடகத்தை அண்மையில் படித்தேன். மூன்றாம் அங்கத்தின் கடைசிக் காட்சியில் க்ளாஸ்டர் பிரபுவின் கண்ணைப் பிடுங்கும் லியரின் மருமகன் கார்ன்வாலை அவனுடைய வேலைக்காரனே தடுக்கிறான். சில வரிகள் பேசிவிட்டுச் செத்துப்போகிறான். இரண்டாவது கண்ணும் போய்விடுகிறது. 'இன்னும் ஒரு கண் இருக்கிறது' என்று சாகும்போது அவன் சொல்வதுதான் கார்ன்வாலுக்கு அதை நினைவூட்டுகிறதோ என்றுகூடத் தோன்றியது. இவனால் என்ன பயன்?

அன்புடன்,
ரா.

அன்புள்ள ரா.,

அந்த இரண்டாவது கண்ணின் பழியை அவன்மீது போடாதீர்கள். அவன் வாய் திறப்பதற்கு முன்பே கார்ன்வாலின் மனைவி ரீகன் அதையும் எடுக்கச் சொல்லிவிடுகிறாள். கார்ன்வால் அதற்குத் தயாராகும்போதுதான் இவன் குறுக்கே வருகிறான்.

பயன் என்று கேட்டால், பின்பாதிக் கதையே இவனால் திசைமாறுகிறது. இவன் வாளால் பட்ட காயத்திலேயே கார்ன்வால் இறக்கிறான். ரீகன் விதவையாகிறாள், க்ளாஸ்டரின் மகன் எட்மண்டை மணக்க அவளுக்குத் தடையில்லை. அதே எட்மண்ட்மீது ஆசை கொண்ட அக்காள் கானரில், கார்ன்வாலின் சாவுச் செய்தி வந்ததுமே இதை எண்ணி அஞ்சுகிறாள். பிறகு தங்கைக்கு விஷம் வைத்துவிட்டுத் தன்னையும் குத்திக்கொள்கிறாள். இதில் எதுவும் அவனுக்குத் தெரியாது.

ஆனால் கதையை நகர்த்துவதற்காக மட்டும் அவன் அங்கே நிற்பதாக நான் நினைக்கவில்லை. அவன் பேசுவதைத் திரும்பப் படியுங்கள். சிறுவயதிலிருந்து உங்களிடம் ஊழியம் செய்கிறேன், இப்போது உங்களை நிறுத்தச் சொல்வதைவிட நல்ல ஊழியம் எதுவும் செய்ததில்லை என்கிறான். எஜமானை வெறுத்துப் பேசும் பேச்சு அல்ல இது. தின்ற சோற்றை நினைத்துத்தான் அவன் தடுக்கிறான். கானரிலின் ஆள் ஆஸ்வால்டும் விசுவாசிதான். ஏவியதையெல்லாம் செய்வான், கண்ணிழந்த கிழவரைக் கொல்லவும் வருவான். இந்த நாடகம் முழுக்க யார் யாருக்கு எப்படி ஊழியம் செய்கிறார்கள் என்ற கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கிடைக்கும் மிகத் தெளிவான பதில் இவனுடையது.

லியரின் விசுவாசி கெண்ட்டும் தன் அரசனை எதிர்த்துப் பேசினார் என்பீர்கள். உண்மைதான், அவர் துணிவு பெரிது. ஆனால் அவர் பிரபு. நாட்டைவிட்டுப் போக அவருக்குச் சில நாள் தவணை கிடைத்தது. இவனுக்கோ, ஒரு குடியானவன் எதிர்த்து நிற்பதா என்று கொதித்து ரீகன் பின்னாலிருந்து குத்துகிறாள். பிணத்தைக் குப்பைமேட்டில் எறியச் சொல்கிறான் கார்ன்வால்.

உங்கள் பிரதி எந்தப் பதிப்பைத் தழுவியது என்று பாருங்கள். 1608ஆம் ஆண்டுப் பதிப்பில், பிரபுக்கள் போன பிறகு மற்ற இரு வேலைக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். க்ளாஸ்டரின் இரத்தம் வழியும் முகத்துக்குச் சணல்நாரும் முட்டையின் வெள்ளைக்கருவும் கொண்டுவரப் போகிறான் ஒருவன். 1623ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்த உரையாடல் இல்லை. இல்லாதது காட்சியை இன்னும் கொடூரமாக்குகிறது என்று சிலர் அதை விரும்புவார்கள். எனக்கு அது இழப்பாகவே படுகிறது. அதுவரை கைகட்டி நின்றவர்கள், தங்களில் ஒருவன் செத்ததைப் பார்த்த பிறகு அசைகிறார்கள். அவன் செய்தது அந்த அறையிலேயே யாரைத் தொட்டது என்று அங்கேதான் தெரிகிறது. உங்கள் பிரதியில் அது விடுபட்டிருந்தால் பழைய பதிப்பைத் தேடி அந்தச் சில வரிகளையும் படித்துவிட்டு எழுதுங்கள்.