எட்டாவது படிக்கும் மகனுக்கு எந்தச் சரித்திரத் தொடர் கொடுக்கலாம்? நூலகத்துக்கு அழைத்துப் போவதில் பயன் உண்டா?

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறீர்கள், பையன் கையில் எந்நேரமும் போன் இருக்கிறது என்று நானாகவே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு என் பதில் கல்கி எழுதிய பொன்னியின் செல்வன், ஐந்து பாக நாவல். "இதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமா" என்று கீழே யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். இதைச் சொல்ல எனக்கென்று ஒரு காரணம் இருக்கிறது.

என் ஊர் காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கம். 1987இல் நானும் எட்டாவதுதான். கிளை நூலகம் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தது. முன்கூடத்தில் நீள மேசை, அதன்மேல் நாளிதழ்கள், சுற்றிலும் ஆண்கள். பாவாடை சட்டையில் அவர்களைத் தாண்டி உள்ளே அலமாரி வரைக்கும் போவதற்கே எனக்கு நெஞ்சு படபடக்கும். அம்மா வாசல் வேப்பமரத்தடியோடு நின்றுவிடுவார். உறுப்பினராக ஓர் அரசு ஊழியர் கையெழுத்து கேட்டார்கள், என் தமிழ் டீச்சர் போட்டுக் கொடுத்தார். அட்டை என் பெயரில்தான். ஆனால் நான் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவும் அதே புத்தகத்தைப் படிப்பார். நான் இருபது பக்கம் போயிருந்தால் அவர் நாற்பதில் இருப்பார்.

முதல் பாகத்தை எடுத்து வந்த அன்று நடந்ததை மறக்க முடியாது. பதினெட்டாம் பெருக்கு நாளில் கதாநாயகன் வந்தியத்தேவன் குதிரையில் ஏரிக்கரையோரம் வருகிறான். எந்த ஏரி? எங்கள் வீராணம்! பராந்தக சோழன் காலத்து ஏரி. அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயர்தான் தேய்ந்து வீராணம் ஆனது. நான் தினமும் பார்க்கும் கரை, ஆடிப்பெருக்குக்கு நாங்கள் சித்திரான்னம் கட்டிக்கொண்டு போகும் அதே கரை, அச்சுப் புத்தகத்தில் இருந்தது. அன்று இரவே அவன் கடம்பூர் மாளிகைக்குப் போய்விடுகிறான். கடம்பூரில் என் சித்தி வீடு இருக்கிறது. புத்தகம் என்றால் வேறு ஊர்க்காரர்களைப் பற்றியது என்று அதுவரை நினைத்திருந்த பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இரண்டு பாகம் முடிந்தது. மூன்றாம் பாகம் 'கொலை வாள்' அலமாரியில் இல்லை. ஒரு வங்கி அதிகாரி எடுத்துப் போயிருந்தார், மாற்றலாகிப் போனபோது புத்தகமும் அவரோடு போய்விட்டது. நூலகர் இரண்டு கடிதம் போட்டார், பதில் இல்லை. நான்கு மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்க் கேட்டேன். கடைசியில் நாலாம் பாகத்தை எடுத்துப் பிரித்தால் கதை கெடில நதிக்கரையில் தொடங்குகிறது. இரண்டாம் பாகம் புயலும் கடலுமாக இருந்ததே, நடுவில் என்ன நடந்தது என்று தெரியாமல் அழுகையே வந்துவிட்டது.

நாளிதழ் மேசையில் தினமும் உட்காரும் ஒரு தாத்தா, ஓய்வுபெற்ற தபால்காரர், அதைப் பார்த்துவிட்டார். "என்னா பாப்பா, மூணாம் பாகம் இல்லியா? அம்மாவையும் வரச் சொல்லு, நான் சொல்றேன்" என்றார். 1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடர் ஆரம்பித்தபோது அவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவர் தபால் கொடுத்த தெருவில் இரண்டு வீட்டுக்கு இதழ் வரும். அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வீட்டுக்காரர்கள் படித்து முடித்ததும் வாங்கிப் படித்துவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போவாராம். மூன்று சனிக்கிழமை, வேப்பமரத்தடியில், எனக்கும் அம்மாவுக்கும் மூன்றாம் பாகம் முழுவதையும் வாயால் சொன்னார். நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்தில் இளவரசர் அருள்மொழிவர்மர், பின்னாளைய ராஜராஜன், காய்ச்சலில் கிடந்ததைச் சொன்னபோது அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் சொன்னதில் ஓர் இடம். இரவு நேரம், வந்தியத்தேவனின் குதிரை களைத்துவிட்டது. எங்கள் ஊர் மதகடியில் நிறுத்தித் தண்ணீர் காட்டுகிறான். ஒரு கிழவி வந்து, யார் எவர் என்று கேட்காமல் கம்பங்கூழ் கொடுக்கிறாள். பல வருடம் கழித்து, எனக்கு இருபத்தாறு வயதில், முதல் சம்பளத்தில் ஐந்து பாகமும் வாங்கி மூன்றாம் பாகத்தைத்தான் முதலில் படித்தேன். அந்தக் கிழவி அதில் இல்லை. இரண்டு முறை தேடினேன். அம்மாவிடம் சொன்னேன். "புத்தகத்துல விட்டுட்டாங்க போல" என்றார், அவ்வளவு உறுதியாக.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, நூலகம் வேண்டுமா என்பதற்கு, என்னிடம் இருக்கும் பதில் அந்தத் தாத்தாதான்.

சோழப் பெருமை பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இது நாவல், வரலாறு அல்ல. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் எல்லாம் கல்கியின் கற்பனை. ஆனால் அடியில் கல்வெட்டு இருக்கிறது. எங்கள் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில், கரிகால சோழனை, அதாவது ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோர் பெயர் வருகிறது. கதையில் வரும் ரவிதாசன் அங்கிருந்து வந்தவன். சிறு வயதில் அந்தக் கோயில் பிராகாரத்தில் ஓடிப்பிடித்து விளையாடியிருக்கிறேன். சுவரில் என்ன இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

இதோடு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த பிறகு, வீராணம் பக்கம் என்றால் "அந்தக் குழாய்த் தண்ணி ஊரா?" என்றுதான் கேட்கிறார்கள். 2004 முதல் எங்கள் ஏரித் தண்ணீர் சென்னைக்கு வருகிறது, தாகத்துக்குக் கொடுப்பதில் வருத்தமில்லை. அதற்கு முந்தைய திட்டத்துக்காக 1970களில் இறக்கிய ராட்சதக் குழாய்கள் வருடக்கணக்கில் சாலையோரம் கிடந்ததையும், அதற்குள் குடும்பங்கள் வாழ்ந்ததையும் பார்த்து வளர்ந்தவள் நான். ஏரி வறண்டால் சென்னைக்குத் தட்டுப்பாடு என்று செய்தி வருகிறது. அதை நம்பி நிற்கும் 40,000 ஏக்கருக்கும் மேற்பட்ட வயலைப் பற்றி ஒரு வரி வராது. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். இருந்தாலும் மனதில் கிடக்கிறது.

சரி, உங்கள் பையனுக்கு வருகிறேன். ஐந்து பாகத்தையும் பெட்டியோடு வாங்கி மேசைமேல் வைக்காதீர்கள், அந்தக் கனத்தைப் பார்த்தே பிள்ளைகள் ஒதுங்கிவிடும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை, மலிவுப் பதிப்பு எங்கும் கிடைக்கும். இருந்தாலும் முதல் பாகம் 'புது வெள்ளம்' மட்டும் நூலகத்தில் அவன் பெயரில் அட்டை போட்டு எடுக்கட்டும். முதல் நான்கு அத்தியாயத்தை நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். வருணனை நீளும் இடத்தில் தாண்டிப் போனால் பரவாயில்லை. படம் பார்த்தாயிற்றே என்பான். படத்தில் நந்தினி யார் என்று தெரிந்திருக்கும், ஆனால் குடந்தை சோதிடர் வீட்டு வாசலில் காத்திருக்கும் சுகம் புத்தகத்தில்தான்.

மூன்றாம் பாகம் நூலகத்தில் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள். என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது, ஒன்றை அனுப்பிவைக்கிறேன்.