கார் இல்லாமல் கேம்பிங்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: நானும் தோழியும் பஸ், ரயிலில் போகக்கூடிய இடமாகப் பார்த்து, ஓரிரவு டென்ட் போட்டுத் தங்கி மறுநாள் மலையேறிவிட்டு வரலாம் என்றிருக்கிறோம். நான்கு பேர் படுக்கும் டென்ட் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. தாராளமாக இருக்குமே, வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அது கார் டிக்கியில் போவதற்கென்று செய்த டென்ட். அந்த அளவில் பலவும் ஐந்து கிலோவைத் தாண்டும். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது விலையின் மீதிப் பாதியை உங்கள் தோள் கொடுக்கும்.

இருவர் டென்ட், இரண்டரை கிலோவுக்குள் பாருங்கள். எடைக்கு இரண்டு எண் போட்டிருந்தால் பெரியதை நம்புங்கள். சின்ன எண்ணில் முளைகளும் உறையும் சேர்ந்திருக்காது. அடுத்து, கம்பிகளை மடித்தால் என்ன நீளம் என்று கேளுங்கள். இதை யாரும் கேட்பதே இல்லை. 45 செ.மீ. என்றால் முதுகுப்பைக்குள் அடங்கிவிடும். 60 என்றால் பெரும்பாலும் வெளியேதான் கட்ட வேண்டும். நெரிசலில் பக்கத்தில் நிற்பவர் பாடு திண்டாட்டம்.

‘இருவர்’ என்றால் இருவர் படுக்கலாம், அவ்வளவுதான். படுக்க அடியில் விரிக்கும் வழக்கமான மேட் 51 செ.மீ. அகலம், உள்ளே 130 செ.மீ. இருந்தால் இரண்டு மேட் போக ஒரு சாண் மிஞ்சும். பைகளை வைக்க, வாசலுக்கு முன்னால் மேல்துணி நீண்டு மூடும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்கு, மேல்துணியில் 1500 மி.மீ., தரைத்துணியில் 3000 மி.மீ. என்று இருந்தால் போதும். அந்தத் துணி எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைக் கசியாமல் தாங்கும் என்பதுதான் அந்த எண். தையல்களின் மேல் டேப் ஒட்டவில்லை என்றால் எண் எவ்வளவு பெரிதாக இருந்தும் பிரயோஜனமில்லை.

வாங்கிய அன்றே வீட்டுக்குள் பிரித்துப் போட்டுப் பாருங்கள். மண் பட்ட டென்ட்டைத் திருப்பி எடுக்கக் கடைக்காரர்கள் லேசில் சம்மதிக்க மாட்டார்கள். வாடகைக்குக் கிடைத்தால் முதல் பயணத்துக்கு அதுவே உத்தமம்.

கேள்வி: ‘மைனஸ் 5 டிகிரி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கினேன். வெளியே 6 டிகிரிதான் இருந்தது, ராத்திரி முழுக்க நடுங்கினேன். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: லேபிளைத் தேடி எடுங்கள். ஐஎஸ்ஓ 23537 தரப்படி சோதித்த பை என்றால் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று வெப்பநிலைகள் இருக்கும். நிம்மதியாகத் தூங்க கம்ஃபர்ட் எண்தான் கணக்கு. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்புவதற்கான எல்லை. அந்தக் குளிரில் சுமார் ஆறு மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம், தூக்கம் வராது. உங்கள் ‘மைனஸ் 5’ அந்த மூன்றாவது எண்ணாக இருந்தால் நடுங்கியதில் ஆச்சரியமில்லை. கம்ஃபர்ட் எண்ணை எங்குமே சொல்லாமல் இதை மட்டும் விளம்பரத்தில் போட்டிருந்தால், பில்லும் விளம்பரப் படமும் வைத்துத் தாராளமாகப் புகார் செய்யலாம். தரத்தின் பெயரே இல்லையென்றால் அந்த எண் தயாரிப்பாளர் வாய்க்கு வந்தது.

ஆனால் அடியில் என்ன விரித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. உடம்புக்கு அடியில் நசுங்கிய பஞ்சு குளிரைத் தடுக்காது. அந்த வேலை மேட்டுடையது. மேட்டில் ‘ஆர்’ மதிப்பு என்று ஒரு எண் இருக்கும், அது எவ்வளவு பெரிதோ அவ்வளவு நன்றாகத் தரைக் குளிரைத் தடுக்கும். கோடை இரவுக்கு 2 போதும். உறைநிலையை நெருங்கும் இரவுக்கு 4-ஐ ஒட்டி வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மேட் போட்டால் இரண்டு மதிப்பும் கூடும். வெறும் காற்றடைத்த மெத்தை மென்மையாக இருக்கும், குளிரை அப்படியே மேலே அனுப்பும். கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் வரும் என்றால் முதலில் மேட்டை மாற்றுங்கள்.

கேள்வி: கேஸ் அடுப்பின் குப்பியை ரயிலில் கொண்டுபோகலாமா?

பதில்: விமானத்தில் எந்தப் பையிலும் கூடாது. ரயில், பஸ்ஸில் அந்தந்த நிறுவனத்தின் விதிதான். டிக்கெட் நிபந்தனைகளில் ‘எரியக்கூடிய பொருட்கள்’ என்ற பகுதியைப் படியுங்கள். பாதி தீர்ந்த குப்பியும் குப்பிதான். என்னைக் கேட்டால், ஓரிரவுக்கு அடுப்பே வேண்டாம். சமைக்காமல் சாப்பிடக்கூடியதை எடுத்துப் போனால் அடுப்பு, குப்பி, பாத்திரம் எல்லாம் மிச்சம்.

கேள்வி: முதுகுப்பை 70 லிட்டர் எடுக்கலாமா?

பதில்: 50 போதும். 70 எடுத்தால் 70-க்கும் சாமான் சேர்ந்துவிடும். பஸ்ஸில் ஏறும் முன் தொங்கும் வார்களை உள்ளே செருகிவிடுங்கள், கதவில் மாட்டும்.

கேள்வி: முகாமில் இடத்துக்கு முன்பணம் கட்டிவிட்டேன். ஞாயிறன்று அங்கிருந்து திரும்ப பஸ்ஸே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. பணத்தைத் தர மறுக்கிறார்கள்.

பதில்: ‘பஸ் வசதி உண்டு’ என்று அவர்களே விளம்பரம் செய்திருந்தால் அதைக் காட்டிக் கேளுங்கள். இல்லையென்றால் அவர்கள் விற்றது இடத்தை மட்டும்தான். பணத்துக்கு மல்லுக்கட்டுவதைவிடத் தேதியை மாற்றித் தரக் கேட்டுப் பாருங்கள், அது சுலபமாக நடக்கும்.

இனிமேல் வரிசையை மாற்றுங்கள்: முதலில் திரும்பும் பஸ், பிறகு போகும் பஸ், கடைசியில் முகாம். வார நாள் அட்டவணையும் விடுமுறை நாள் அட்டவணையும் வேறு. சில தடங்களில் சீசனுக்கு மட்டுமே வண்டி ஓடும். ஏறிய இடத்திலேயே இறங்கவேண்டும் என்றும் இல்லை. கார்காரர்கள் நிறுத்திய இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். நீங்கள் மலையின் மறுபக்கம் இறங்கி அங்கே ஓடும் பஸ்ஸைப் பிடிக்கலாம்.

நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. 12 கி.மீ., 600 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறத்தாழ மூன்றரை மணி. ஓய்வு, முதுகுச் சுமை எல்லாம் சேர்த்து ஐந்து என்றே வையுங்கள். கடைசி பஸ் மாலை ஐந்துக்கு என்றால், அதற்கு முந்தைய பஸ்ஸுக்கு நேரம் வைத்துக் கிளம்புங்கள்.