கயாக்கில் மீன்பிடிப்பு: வாங்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: ஏரி, ஆறு, கடலோர விரிகுடா மூன்றிலும் மீன் பிடிக்க ஆசை. எல்லாவற்றுக்கும் ஒரே கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) போதும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: மூன்றிலும் மிதக்கும் என்ற அளவில் அவர் சொல்வது சரிதான். ஆனால் குறுகலான ஆற்றில் வளைத்துத் திருப்ப 9, 10 அடி கயாக்தான் கைக்கு அடங்கும். காற்றும் அலையும் உள்ள விரிகுடாவில் அதே கயாக்கைத் துடுப்புப் போட்டு நகர்த்துவதற்குள் தோள் கழன்றுவிடும். அங்கே 12 முதல் 14 அடி வரை வேண்டும். நீளம் கூடினால் நேராகவும் வேகமாகவும் போகும், திருப்புவது சிரமம். அகலம் கூடினால் ஆட்டம் குறையும், கூடவே வேகமும் குறையும். நின்றுகொண்டு தூண்டில் வீச நினைப்பவர்கள் 33, 34 அங்குலத்துக்குக் குறையாமல் பார்ப்பது நல்லது.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன், பத்துத் தடவை போனால் அதில் எத்தனை தடவை எந்தத் தண்ணீருக்குப் போவீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஏழெட்டு தடவை ஏரி என்று வந்தால் ஏரிக்கு ஏற்றதை வாங்குங்கள். விரிகுடாவுக்குப் போகிற மற்ற நாட்களுக்கு வாடகைக் கயாக் இருக்கிறது.

மீன்பிடிப்புக்கு, மூடிய தளத்தின் மேலே உட்காரும் வகைக் கயாக்கைத்தான் சொல்வேன். தளத்தில் உள்ள வடிதுளைகள் வழியாக, ஏறிய தண்ணீர் தானே இறங்கிவிடும். கவிழ்ந்தாலும் நிமிர்த்திவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். உள்ளே கால் நீட்டி உட்காரும் வகை கவிழ்ந்தால், தண்ணீரை இறைத்து முடிக்கும்வரை அது உங்களுக்கு உதவாது.

விவரத் தாளில் இரண்டு எண்களை உற்றுப் பாருங்கள். ஒன்று, தாங்கும் எடை. 200 கிலோ என்று போட்டிருந்தால் உங்கள் எடை, சாமான், பிடிக்கப்போகும் மீன் எல்லாம் சேர்த்து 130, 140 கிலோவுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் மிதக்கும், ஆனால் தாழ்ந்து, மந்தமாக, ஒவ்வோர் அலையையும் தளத்தில் வாங்கிக்கொண்டு மிதக்கும். இன்னொன்று, கயாக்கின் சொந்த எடை. விளம்பரத்தில் வருவது பல சமயம் வெறும் உடலின் எடைதான். இருக்கை, மிதி எல்லாம் மாட்டினால் எவ்வளவு என்று கேளுங்கள். மீன்பிடிக் கயாக் 40 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். கடையில் இரண்டு பேர் தூக்கி வண்டியில் ஏற்றிவிடுவார்கள்; ஏரிக்கரையில் அவர்கள் இருக்கமாட்டார்கள்.

கேள்வி: காலால் மிதித்து ஓட்டும் கயாக்குக்கு விலை மிகவும் கூடுதலாக இருக்கிறது. அந்த அளவுக்குப் பயன் உண்டா?

பதில்: விரிகுடாவிலும் பெரிய ஏரியிலும் உண்டு. இரண்டு கையும் தூண்டிலுக்குக் கிடைக்கிறது, காற்றில் ஒரே இடத்தில் நிற்க முடிகிறது, இரையை இழுத்துக்கொண்டே போக முடிகிறது. பாறையும் மணல் திட்டுமாக உள்ள ஆழமில்லாத ஆற்றுக்கு அது வீண் செலவு.

இதில் இரண்டு வகை இருக்கிறது. ஹோபி நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த மிராஜ் டிரைவ் மாதிரியானவற்றில், அடியில் இரண்டு துடுப்புத் தகடுகள் பக்கவாட்டில் வீசி வீசித் தள்ளும். ஆழம் குறைந்தால் தகடுகளை வயிற்றோடு ஒட்டி மடக்கிக்கொள்ளலாம். மற்றதில் சைக்கிள் மிதிப்பதுபோல் மிதித்தால் சுழலி சுற்றும். பின்னால் மிதித்தால் பின்னால் போகும் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் கால் தட்டுப்படும் ஆழத்திலும் பாசி மண்டிய நீரிலும் தூக்கி வைக்க வேண்டியதுதான். தகடு வகையின் பழைய மாடல்களில் பின்னோக்கிப் போக வழி கிடையாது. பழையதை வாங்கினால் அதைக் கேட்டுவிடுங்கள்.

எதை வாங்கினாலும் உடைகிற உதிரி கடையில் இருப்பில் உள்ளதா, வரவழைக்க எத்தனை நாள் என்று கேளுங்கள். உப்புத் தண்ணீரில் போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். துடுப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

கேள்வி: வழிகாட்டியுடன் போகும் கயாக் மீன்பிடிப் பயணம் ஒன்றுக்கு முன்பணம் கட்டப் போகிறேன். "எல்லாம் உட்பட" என்று விளம்பரத்தில் இருக்கிறது. எனக்கு இது முதல் தடவை. என்ன கேட்க வேண்டும்?

பதில்: அந்த "எல்லாம்" என்ற சொல்லைத்தான் முதலில் உடைக்க வேண்டும். கயாக்கும் துடுப்பும் சரி. கம்பு, ரீல், இரை? உங்கள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட்? மீன்பிடி அனுமதிச் சீட்டு? கடைசியில் சொன்னதை மறக்காதீர்கள். பல இடங்களில் நன்னீருக்கு ஒரு சீட்டு, கடல் நீருக்கு வேறு சீட்டு. சில பயணங்களில் வழிகாட்டியின் அனுமதியே உங்களுக்கும் செல்லும், சிலவற்றில் நீங்கள் தனியாக எடுத்திருக்க வேண்டும். சோதனையில் மாட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் தூண்டிலைக் கையில் வைத்திருப்பவர்.

அப்புறம் நேரம். ஐந்து மணி நேரப் பயணம் என்றால் கரையில் கூடுவதிலிருந்து கணக்கா, கயாக் தண்ணீரில் இறங்கியதிலிருந்தா? சாமான் கட்டுவது, துடுப்புப் பிடிக்கச் சொல்லித்தருவது, மீன் இருக்கும் இடத்துக்குப் போய்த் திரும்புவது எல்லாம் போக, தூண்டில் தண்ணீரில் இருக்கும் நேரம் எவ்வளவு என்று நேராகவே கேளுங்கள். நேர்மையான வழிகாட்டி தயங்காமல் சொல்வார்.

ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? அவரும் மீன் பிடிப்பாரா, உங்களைப் பார்த்துக்கொள்வாரா? முதலுதவியும் கவிழ்ந்தவரை மீட்பதும் பயின்றவரா? கம்பு தண்ணீரில் விழுந்து போனால் யார் கொடுக்க வேண்டும்? மீன் பாயும்போது கம்பு நழுவுவது இந்த விளையாட்டில் சகஜம். கட்டுக்கயிறு மாட்டித் தருகிறார்களா என்றும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். பிடித்த மீனை எடுத்துப் போகலாமா, விட்டுவிட வேண்டுமா என்பதும் முன்கூட்டியே தெரிந்தால் பின்னால் மனவருத்தம் இல்லை.

நான் ஆளை எடைபோடுவது வேறு மாதிரி. நீந்தத் தெரியுமா, எடை எவ்வளவு, உடம்புக்கு ஏதாவது உண்டா என்று அவர் உங்களைக் கேட்கிறாரா? எதுவுமே கேட்காமல் முன்பணத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை வராது. "மீன் நிச்சயம்" என்கிறவரிடம் அதைவிடக் குறைவு.

கேள்வி: எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். இடுப்பில் கட்டும் காற்றடைப்பு லைஃப் ஜாக்கெட் போதுமா? வெயிலில் தடியான ஜாக்கெட் போட முடியவில்லை.

பதில்: இடுப்பில் கட்டும் வகை, விழுந்த பிறகு நீங்கள் கயிற்றை இழுத்து, ஊதியதைத் தலைவழியாக மாட்டினால்தான் முழுதாக வேலை செய்யும். தலை அடிபட்டாலோ குளிர்ந்த நீரில் மூச்சு திணறினாலோ அது நடக்காது. குளிர்ந்த நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்துவதே பெரும்பாடு. சுமார் பத்து நிமிடத்தில் விரல்கள் சொன்னபடி கேட்காது. நீச்சல் தெரிந்தவருக்கும் இதேதான். தானாக ஊதும் வகையோ, எப்போதும் நனைந்துகொண்டே இருக்கும் கயாக்கில் தேவையில்லாத நேரத்தில் ஊதிக்கொள்ளக்கூடும்.

மீன்பிடிப்பவர்களுக்கென்றே முதுகுப் பக்கம் மேலேறிய நுரை ஜாக்கெட் கிடைக்கிறது. இருக்கையின் சாய்மானம் அதைத் தள்ளாது, கையை வீச இடைஞ்சலும் இல்லை. உள்ளே தைத்த சீட்டில், எவ்வளவு விசையோடு மிதக்கவைக்கும் என்று நியூட்டன் கணக்கில் ஓர் எண் இருக்கும். 50 என்பது நீந்தத் தெரிந்தவர் உதவிக்கு ஆள் இருக்கும் நீரில் போடுவதற்கு. மயங்கியவரை அது முகம் மேலே வரும்படி திருப்பாது. 100 அமைதியான நீருக்கானது, 150 திறந்த கடலுக்கானது. கடையிலேயே எல்லாப் பட்டைகளையும் இறுக்கிக்கொண்டு, கூட வந்தவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் மோவாய்வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை.

கேள்வி: நங்கூரமும் கயிறும் சேர்ந்த தொகுப்பை வாங்கச் சொல்கிறார்கள். ஆற்றில் மீன் பிடிக்கத் தேவைப்படுமா?

பதில்: ஏரிக்கும் அமைதியான விரிகுடாவுக்கும் வாங்கலாம், ஒன்றரை கிலோ மடக்கு நங்கூரம் போதும். ஓடும் ஆற்றில் புதியவர்கள் நங்கூரம் போடவே வேண்டாம்.

என்ன நடக்கும் என்றால், கயிறு பக்கவாட்டில் கட்டியிருக்கும். நங்கூரம் பிடித்ததும் கயாக் குறுக்கே திரும்பும். ஓட்டம் வரும் பக்கத்து விளிம்பைக் கயிறு கீழே இழுக்கும், அந்த விளிம்பின் மேல் தண்ணீர் ஏறும். அதை உணர்ந்து நீங்கள் கயிற்றுப் பக்கம் குனிந்தால் உங்கள் எடையும் அதே பக்கம் சேர்ந்துகொள்ளும். கவிழ ஓரிரு வினாடி போதும். பழகியவர்கள் கப்பியில் ஓடும் கயிறு வைத்து, கட்டு முனையை முன்நுனிக்கோ பின்நுனிக்கோ நகர்த்திக்கொள்வார்கள். ஒரே இழுப்பில் அவிழும் பிடியும், ஜாக்கெட்டிலேயே செருகிய கத்தியும் வைத்திருப்பார்கள். கடை விற்கும் தொகுப்பில் இவையெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பழைய கயாக் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பகல் வெளிச்சத்தில் கவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். அடியில் கீறல் இருக்கத்தான் செய்யும், பயம் வேண்டாம். தரையில் இழுத்து இழுத்துத் தேய்ந்த பின்நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள். மற்ற இடத்தைவிட மெல்லிசாக வளைந்து கொடுத்தால் அங்கே சுவர் தேய்ந்துபோயிருக்கிறது. அடுத்தது வடிதுளைகள். துளையில் கம்பியைச் செருகித் தள்ளும் சக்கர வண்டியால் அந்தக் குழாயின் விளிம்பில்தான் மயிரிழை விரிசல் விழும். மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தும் பாருங்கள். பிறகு உள்ளே சில வாளித் தண்ணீர் ஊற்றி, இப்படியும் அப்படியும் சாய்த்து, கசிகிறதா என்று பார்த்துவிடலாம். இதற்கு விற்பவர் முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள்.

இவற்றில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன். பசை அதில் பிடிக்காது, அதே பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டவைக்க வேண்டும். விரிசல்மேல் ஏதோ பூசி மறைத்திருந்தால் பழுது நடக்கவில்லை, பூச்சுதான் நடந்திருக்கிறது. நிறம் வெளுத்துத் தூள் கையில் ஒட்டினால் வருடக்கணக்கில் வெயிலில் கிடந்தது என்று அர்த்தம், நொறுங்கும் தன்மை வந்திருக்கலாம். கட்டிய பட்டையால் விழுந்த பள்ளம் மட்டும் என்றால் வெயிலில் வைத்தாலே பெரும்பாலும் எழுந்துவிடும், அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். உத்தரவாதம் பல சமயம் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே. அதை நம்பி விலை கூட்டிக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மீன் காட்டும் கருவி அவசியமா?

பதில்: முதல் பருவத்தில் அவசியமில்லை. இடுப்பளவு, ஆளளவு நீரில் அது பெரிதாக எதையும் காட்டிவிடாது. அந்தப் பணத்துக்கு விசில், வெள்ளை டார்ச், விரிகுடாவுக்கு மற்ற படகுகளோடும் கரையோடும் பேச ஒரு கையடக்க விஎச்எஃப் ரேடியோ வாங்குங்கள். ரேடியோவில் ஐபிஎக்ஸ்7 என்ற நீர்காப்புக் குறி போட்டிருந்தால் 1 மீட்டர் நீரில் 30 நிமிடம் தாங்கும் என்றுதான் பொருள். மிதக்குமா என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: காற்று அதிகம் என்று, நான் முன்பணம் கட்டிய கயாக் பயணத்தை நடத்துபவர்களே ரத்து செய்துவிட்டார்கள். கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பணம் திரும்பத் தர மாட்டோம், வேறு தேதி தருகிறோம் என்கிறார்கள்.

பதில்: ரத்து செய்ததற்குச் சண்டை வேண்டாம். காற்று நிலத்திலிருந்து தண்ணீரை நோக்கி அடித்தால் கரையோரம் அப்படித்தான் அமைதியாகத் தெரியும். உள்ளே போகப் போக அலை எழும், உங்களையும் வெளியே தள்ளிக்கொண்டு போகும். கூடவே ஓதம் இறங்கி நீர் கடலை நோக்கி வற்றும் நேரமாக இருந்தால் திரும்புவது இன்னும் கடினம். 10 நாட், அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் காற்றைத் தாண்டினால், திறந்த விரிகுடாவுக்குப் புதியவர்களை அழைத்துப் போகாதவரே நல்ல வழிகாட்டி.

பணம் வேறு விஷயம். முன்பணம் கட்டியபோது வந்த ரசீதையோ மின்னஞ்சலையோ எடுத்து, வானிலை ரத்து பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "வேறு தேதி மட்டும்" என்று முன்பே எழுதியிருந்து நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் வாதாடுவது கடினம். எதுவும் எழுதவில்லை என்றால், சேவை நடக்காததற்குப் பணத்தைத் திரும்பக் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் முறையிட்டுப் பார்க்கலாம். வேறு தேதிக்கு ஒப்புக்கொள்வதாக இருந்தால், அது எத்தனை மாதத்துக்குச் செல்லும், பருவம் மாறிக் கட்டணம் கூடினாலும் பழைய கட்டணம்தானா, அன்றும் காற்று அடித்தால் பணம் வருமா என்ற மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு சரி சொல்லுங்கள்.