பார்த்துக்கொண்டிருந்தவர் பார்க்காமல் போனால்

விபத்தில் தலையில் அடிபட்டு, ஆபரேஷனில் மண்டை எலும்பின் ஒரு பகுதி எடுக்கப்பட்டு, நினைவு சரியாகத் திரும்பாமல் படுத்திருக்கும் உங்கள் கணவரைப் பற்றிப் பதினோரு விஷயங்களை வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்களே அம்மா, அதிலிருந்து தொடங்குகிறேன். "மகள் கட்டிலைச் சுற்றி நடந்தால் அவர் கண்ணும் கூடவே போகும். நாலு நாளாக அது இல்லை. எலும்பு எடுத்த இடம் பள்ளமாக இருந்தது, இப்போது உப்பி நிற்கிறது." உங்கள் கடிதத்தில் அவசரமானது இது ஒன்றுதான்.

தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்த்து வைத்துப் பாருங்கள். படுத்திருக்கும்போதும் இருமும்போதும் உப்பி, நிமிர்த்தினால் பள்ளமாகிவிட்டால் அது இயல்பு. நிமிர்த்திய பிறகும் இறுக்கமாகப் புடைத்தே இருந்தால், இன்றே நியூரோ சர்ஜன் பார்க்க வேண்டும். விரலால் அழுத்திப் பார்க்காதீர்கள். ஆபரேஷன் செய்த மருத்துவமனை தூரம் என்றால், உங்கள் பெரம்பூர் வீட்டிலிருந்து சென்னை சென்ட்ரல் எதிரே உள்ள ஜி.எச். (அரசுப் பொது மருத்துவமனை) பக்கம்தான். 108-ஐக் கூப்பிடுங்கள்.

மூளைக்குள் நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் நீர் சுரந்து, அதே அளவு ரத்தத்தில் கலந்து வடிகிறது. விபத்தில் கசிந்த ரத்தம் இந்த வடிகாலை அடைத்துவிடுவதுண்டு. பல வாரம் கழித்தும் இது தலைகாட்டும். நீர் தேங்கத் தேங்க விழிப்பு குறையும், ட்யூப் வழியாகக் கொடுக்கும் உணவு வாந்தியாகலாம், கைகால் விறைப்பு கூடும். மருந்து ஏற்றாத சாதாரண சி.டி. ஸ்கேன் போதும், சில நிமிட வேலை. நீர் தேங்கியிருந்தால் தலையிலிருந்து வயிற்றுக்கு ஷண்ட் என்ற குழாய் வைப்பார்கள். வைத்தபின் இழந்த விழிப்பு திரும்பி வந்தவர்கள் உண்டு. சி.டி. சரியாக இருந்தால் அதோடு வீடு திரும்பிவிடாதீர்கள். ரத்தத்தில் சோடியம் (உப்பு) அளவு பார்க்கச் சொல்லுங்கள், நோய்த்தொற்று இருக்கிறதா என்று கேளுங்கள், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். கைகால் ஒரு துளி வெட்டாமலே உள்ளுக்குள் வலிப்பு ஓடலாம்.

இதற்கு நடுவில் யூட்யூபைப் பார்த்து ஐந்து நாளாக ஜோல்பிடெம் கொடுத்திருக்கிறீர்கள். அது தூக்க மாத்திரை. கோமாவுக்குப் பிந்தைய நிலையில் சிலரை அது விசித்திரமாக விழிக்க வைக்கிறது என்பது உண்மை. ஆனால் ஆராய்ந்து பார்த்ததில் நூறு பேரில் ஐந்து பேர் தேறினால் அதிகம். மற்றவர்களை அது தூங்கத்தான் வைக்கும். மூச்சுக்காகத் தொண்டையில் துளையிட்டு வைத்த ட்ரக்கியாஸ்டமி குழாயோடு இருப்பவருக்குச் சளியை இருமித் தள்ளும் பலமும் போகும். கண் பின்தொடராமல் போனதில் மாத்திரைக்கும் பங்கிருக்கலாம். தலை உப்பியதற்கு மாத்திரையைக் காரணம் சொல்ல முடியாது. நிறுத்திவிட்டு, கடைசியாக எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்பதை எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். சீட்டில்லாமல் விற்ற கடைக்காரரை இன்னொரு நாள் பேசிக்கொள்வோம். நீங்கள் கேட்டிருக்கும் ஸ்டெம் செல் ஊசிக்கு முன்பணம் கட்டவே கட்டாதீர்கள். அந்தப் பணம் பிசியோதெரபிக்கும் காற்று மெத்தைக்கும் ஆகும்.

நீங்கள் எழுதியிருக்கும் கொட்டாவி, பல் கடிப்பது, காரணமில்லாத சிரிப்பு, கண்ணில் நீர், உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பிடிப்பது எல்லாமே நினைவில்லாமலும் நடக்கும். பயமும் வேண்டாம், அதையே நம்பிக்கையாகவும் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் நகரும் முகத்தைக் கண் பின்தொடர்வது அந்தக் கணக்கில் சேராது. நான் பேசுவது அவருக்குக் கேட்கிறதா, இல்லை என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் பார்த்தது சரியென்றால், அவர் கண் மட்டும் திறந்து கிடக்கும் நிலையைத் தாண்டி, குறைந்தபட்ச நினைவு நிலைக்கு வந்திருக்கிறார். அந்த நினைவு வந்து வந்து போகும். கேட்கும் நேரமும் இருக்கும், கேட்காத நேரமும் இருக்கும். 2024-இல் வெளியான ஆய்வில், சொன்னபடி எதுவுமே செய்யாத 241 பேரில் 60 பேரின் மூளை, சொன்னதைக் கேட்டு வேலை செய்தது ஸ்கேனிலோ இ.இ.ஜி.யிலோ தெரிந்தது. ஆகவே கட்டிலருகே நின்று அவர் கதையை முடித்துப் பேசுகிறவர்களை அறையைவிட்டு வெளியே அனுப்புங்கள். டிரெஸ்ஸிங் மாற்றும்போதும் மூட்டை மடக்கி நீட்டும்போதும் வலிக்கும் என்று வைத்தே நடத்துங்கள்.

உடம்பு நிலைப்பட்டதும் ஒரு கைக்கண்ணாடி எடுங்கள். அவர் விழித்திருக்கும் நேரத்தில், டி.வி.யை அணைத்து, முகத்துக்கு அரை அடிக்குள் பிடித்து இடமும் வலமுமாக மெதுவாக நகர்த்துங்கள். அடுத்தவர் முகத்தைவிடத் தன் முகத்தைத்தான் கண் விடாமல் பார்க்கும். ஒரே நாள் பார்த்துத் தீர்ப்பு எழுதாமல், இரண்டு வாரத்தில் ஐந்து முறையாவது பாருங்கள். கையைப் பிடிக்கச் சொல்லிச் சோதிக்காதீர்கள், அனிச்சையாகவே பிடிப்பார். கட்டைவிரலைத் தூக்கச் சொல்லிப் பத்து விநாடி காத்திருங்கள்.

"மூளைச்சாவுதான், ட்யூபை எடுத்துவிடலாம்" என்கிற கொழுந்தனாருக்கு: மூளைச்சாவு என்றால் மூச்சு தானாக வராது. உங்கள் அண்ணன் தானே மூச்சு விடுகிறார். சிகிச்சையை நிறுத்த 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் 2023-இல் எளிதாக்கிய விதிகளும் வழி தருகின்றன, ஆனால் அது இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துச் செய்வது, வீட்டுக் கூடத்தில் முடிவு செய்வதல்ல. தலைக்காயத்தில் ஒரு வருடம் வரையிலும், சிலருக்கு அதன் பிறகும் முன்னேற்றம் வரும். இவருக்கு ஆகியிருப்பது ஏழு வாரம்.

கிளம்பும்போது, மகளை அவர் கண் பின்தொடர்ந்த நாட்களில் எடுத்த வீடியோ ஏதாவது போனில் இருந்தால் தேடி வையுங்கள். அவசரப் பிரிவில் இருப்பவர் இவரை இன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பார், எப்போதுமே இப்படித்தான் இருந்தார் என்று நினைத்துவிடுவார். சி.டி. எடுக்கச் சொல்வதற்குமுன் அந்த வீடியோவைக் காட்டுங்கள்.