வாக்கெடுப்புக்கு வராத செலவு

அன்புள்ள ஐயா,

உணவு மானியத்தில் கைவைக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் பட்ஜெட் விவாதங்களில், மானியங்கள்தான் ஒன்றிய அரசைக் கடனில் தள்ளுகின்றன என்று பொருளியல் அறிந்தவர்களே சொல்கிறார்கள். பிறகு பணம் எங்கேதான் போகிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மானியங்களில் கசிவு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2025-26 நிதிநிலை அறிக்கையில் உணவு மானியத்துக்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 2.03 லட்சம் கோடி ரூபாய். பழைய கடன்களுக்கான வட்டிக்கு ஒதுக்கப்பட்டதோ 12.76 லட்சம் கோடி. மொத்தச் செலவான 50.65 லட்சம் கோடியில் இது நான்கில் ஒரு பங்கு. ஏழைகளின் அரிசியைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுபவர்கள், அதைவிட ஆறு மடங்கு பெரிய இந்தத் தொகையை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இந்த மௌனத்துக்கு அரசமைப்புச் சட்டத்திலேயே ஒரு வேர் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஊதியம், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் போன்றவற்றோடு அரசுக் கடனுக்கான வட்டியையும் 112ஆம் பிரிவு, அரசின் வருவாயும் அது வாங்கும் கடனும் வந்து சேரும் தொகுப்பு நிதியின் மீது நேரடியாகச் சுமத்துகிறது. அத்தகைய செலவுகள் நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்புக்கு வர வேண்டியதில்லை என்கிறது 113ஆம் பிரிவு. கடன் கொடுத்தவருக்கு அரசின் வாக்கு தவறக் கூடாது என்பதால் இந்த ஏற்பாடு நியாயமானதே. அரசு கடன் வாங்க வெளியிடும் பத்திரங்களை வைத்திருக்கும் வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் வருங்கால வைப்பு நிதியிலும் நம் சேமிப்பும் இருக்கிறது என்பதால், வட்டியை வீண்செலவு என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் வாக்கெடுப்பைத் தவிர்க்கும் அதே பிரிவு விவாதத்தைத் தடுக்கவில்லை என்பதை நாம் மறந்துவிட்டோம். எந்தக் கடன் எதற்காக வாங்கப்பட்டது, அதனால் எது உருவானது என்று கேட்க உறுப்பினர்களுக்கு முழு உரிமை உண்டு. வாக்கெடுப்புக்கு வரும் அமைச்சகங்களின் செலவுக் கோரிக்கைகளையே 2018இலும் 2023இலும் மக்களவை விவாதமின்றி ஒட்டுமொத்தமாக நிறைவேற்றியது என்னும்போது, வட்டியைப் பற்றிக் கேட்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்?

செலவுக் கணக்கிலேயே ஏறாத செலவும் ஒன்று உண்டு. 2019 செப்டம்பரில், சலுகைகளைக் கைவிடும் நிறுவனங்களுக்கான வருமான வரி விகிதம் 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்த அறிவிப்பில் இருந்த சலுகைகளால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே மதிப்பிட்டது. பட்ஜெட் கூட்டத்தொடருக்கு வெளியே, அவசரச் சட்டத்தின் வழியாக அது வந்தது. முதலீடு பெருகும் என்ற வாதம் அப்போது முன்வைக்கப்பட்டது; அது சரியா தவறா என்பது தனி விவாதம். ஆனால் வராமல் போகும் ரூபாயும் கொடுக்கப்படும் ரூபாயும் பற்றாக்குறையை ஒரே அளவில்தான் கூட்டுகின்றன.

வரிச் சலுகைகளால் இழக்கும் வருவாயை அரசு 2006-07 முதல் பட்ஜெட்டோடு வெளியிட்டு வருகிறது. மானியங்களைக் குறைக்கச் சொல்பவர்களிடம் அடுத்த முறை அந்த அறிக்கையில் உள்ள எந்த வரிச் சலுகையைக் குறைப்பீர்கள் என்றும் கேளுங்கள்.