சீனாவில் சர்ச், மசூதி, புத்தர் கோவில் எல்லாம் திறந்துதானே இருக்கின்றன? பிறகு ஏன் மதச் சுதந்திரம் இல்லை என்கிறார்கள்?

பிள்ளையை அங்கே மருத்துவம் படிக்க அனுப்பப் போகிறீர்கள் போலிருக்கிறது. பயப்படாதீர்கள், வெளிநாட்டுக்காரர்கள் பூசைக்குப் போனால் யாரும் தடுப்பதில்லை. அதைப் பார்த்துத்தான் நானும் ஏமாந்தேன்.

சென்னை ரிச்சி தெருவில் எல்இடி சாமான் கடை வைத்திருக்கிறேன். 2019 அக்டோபரில் கான்டன் கண்காட்சி என்ற பெரிய வணிகக் கண்காட்சிக்காகத் தென்சீன நகரமான குவாங்சோ போனபோது, ஞாயிறன்று அங்குள்ள திரு இருதய ஆலயத்துக்குப் போனேன். முழுக்கக் கருங்கல், 1888இல் கட்டி முடித்தது. ராயபுரத்துக் கிறிஸ்தவனுக்குக் கண் கலங்காதா? உடனே போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன்: "பாருங்கள், எல்லாம் கட்டுக்கதை." மச்சான் மறுத்துப் பேசினார். நான் விடவில்லை.

மறுநாள் ஜோங்ஷான் பக்கம் விளக்கு ஃபேக்டரிக்குப் போகும்போது, மொழிபெயர்ப்புக்கு வந்த பெண்ணிடமும் பெருமையாகக் காட்டினேன். அவரும் கிறிஸ்தவர்தான். எந்த சர்ச் என்று கேட்டேன், பதிலே இல்லை. மதியம் சாப்பிடும்போது போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டுச் சொன்னார்: வீட்டில்தான் ஜெபம், பத்துப் பேர், அடுத்தடுத்த வாரம் ஒரே வீட்டில் கூடமாட்டார்களாம். 2018 டிசம்பரில் அதே குவாங்சோவில் ரோங்குய்லி என்ற பதிவில்லாத பெரிய சபையை மூடியிருந்தார்கள்.

"பதிவு பண்ணிவிட வேண்டியதுதானே?" என்றேன், ஏதோ நம் ஊர் சங்கப் பதிவு மாதிரி. அவர் சிரித்தார். அங்கே அங்கீகாரம் ஐந்து மதங்களுக்குத்தான், ஒவ்வொன்றுக்கும் அரசு ஏற்ற சங்கம் உண்டு. அதற்குள் போனால்தான் பதிவு. மத விவகாரத் துறையையே 2018இல் கம்யூனிஸ்ட் கட்சியின் ஒரு பிரிவோடு சேர்த்துவிட்டார்கள். திபெத் புத்தத் துறவிகளான லாமாக்கள் மறுபிறவி எடுக்கவும் அரசு ஒப்புதல் வேண்டும் என்று 2007இல் உத்தரவு போட்டவர்கள் அல்லவா! 2018இலிருந்து இணையக் கடைகளில் பைபிளும் கிடையாது, சர்ச்சில்தான் வாங்க வேண்டும். ஊருக்கு வந்ததும் என் ஆங்கில பைபிளைப் புரட்டினேன். அச்சிட்ட இடம், சீனா.

"இங்கே அறநிலையத்துறை இல்லையா?" என்று ஒருவர் கிளம்புவார். இருக்கிறது, எனக்கும் அதில் குறை உண்டு. ஆனால் அதன் மேல் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், போடுகிறார்கள். வீட்டில் பத்துப் பேர் பஜனை பாடினால் அதிகாரி வந்து நிற்பதில்லை. நான் எந்தக் கட்சியும் இல்லை. சீனச் சரக்கு விற்றுத்தான் சாப்பிடுகிறேன், அந்த ஊர் ஆட்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

    

அந்தப் பெண்ணின் ஊர், வயது எதையும் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். வாட்ஸ்அப்பில் போட்டதை அழித்துவிட்டேன். மச்சானிடம் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.